டெலிவரி கூலி நூற்று அறுபத்தெட்டு

யூஜீன், ஆரிகன்
ஏப்ரல் 9, 1989

அன்புள்ள அத்தைக்கு ஆர்டிஸ் எழுதுவது,

இங்கே நான், என் கணவர் ஹோவர்ட், கர்டிஸ் மூவரும் சுகம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? டாக்டரிடம் போனீர்களா, இல்லை வழக்கம்போல் வாத்துக் கொழுப்பைத் தேய்த்துக்கொண்டு நாளைக் கடத்துகிறீர்களா? வடக்கு டகோடாவில் பனி உருக ஆரம்பித்துவிட்டதா? இங்கே ஆப்பிள் மரங்கள் பூத்துவிட்டன.

நல்ல சேதி ஒன்று. உங்கள் பேரனுக்குக் கல்யாணம். செப்டம்பர் பதினாறு. பெண் பெயர் ஜோலீன், பல் ஆஸ்பத்திரியில் வேலை. உங்களை விமானத்தில் கூட்டி வர வேண்டும் என்று கர்டிஸ் இப்போதே பிடிவாதம். "பாட்டி விமானத்துல ஏறமாட்டாங்க, டிக்கெட் விலையக் கேட்டதுமே இறங்கிடுவாங்க"ன்னு நான் சொன்னேன். சிரித்தான்.

இன்னொரு விஷயம். எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரமாக யோசித்தேன். உங்கள் கொட்டகையில் நிற்கிற ரூபனுடைய வண்டியை, அவன் அப்பா வண்டி என்று, கர்டிஸுக்கே தருவதாக நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். கிறிஸ்துமஸுக்கு நீங்கள் அனுப்பிய வண்டிப் படத்தை அவன் லிண்டல் என்ற பெரியவரிடம் காட்டியிருக்கிறான். லிண்டல் எங்கள் தெருக்கோடியில் இருக்கிறார். பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைப் பற்றி இவருக்குத் தெரியாதது இல்லை. அறுபத்தைந்தாம் வருடத்து வண்டி, அவ்வளவு குறைவாக ஓடியது, முப்பதாயிரம் டாலருக்குக் குறையாது என்கிறார். தொழிற்சாலையில் கண்ணாடியில் ஒட்டி அனுப்பிய விலைச்சீட்டு இருந்தால் இன்னும் ஐந்தாயிரம் கூட வருமாம். அந்த நாள் விலை, சேர்மானங்கள், டெலிவரி கூலி எல்லாம் அதில் வரிக்கு வரி இருக்குமாம். அந்தக் காகிதத்துக்குத்தான் சேகரிப்பவர்கள் உயிரை விடுகிறார்களாம். விற்று வீட்டுக்கு முன்பணம் கட்டலாமா என்று கர்டிஸ் யோசிக்கிறான். ஆனால் உங்களிடம் கேட்காமல் செய்யமாட்டான்.

சீட்டு உங்களிடம் இருக்கிறதா அத்தை? அந்த வண்டியைப் பற்றி இருபத்துநான்கு வருடத்தில் நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஏன் என்று உங்களுக்குத் தெரியும். இப்போதும் பையனுக்காகத்தான்.

என் அம்மாவும் போன பிறகு எனக்கு இருக்கிற பெரியவர் நீங்கள் ஒருவர்தான். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆர்டிஸ்


ரோஸன்தால், வடக்கு டகோடா
ஏப்ரல் 24, 1989

அன்புள்ள ஆர்டிஸுக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. நான் நன்றாக இருக்கிறேன். முழங்கால் அதன் இஷ்டத்துக்கு இருக்கிறது. டாக்டர் இருபத்தெட்டு டாலர் வாங்கிக்கொண்டு, "உங்களுக்கு வயசாயிடுச்சும்மா"ன்னு சொன்னார். அதை என் கண்ணாடி தினமும் இலவசமாகச் சொல்கிறதே. வாத்துக் கொழுப்பே போதும். உனக்கு அந்தத் தலைவலி இப்போது வருகிறதா?

என் பேரனுக்குக் கல்யாணமா! போஸ்ட் ஆபீஸிலேயே சத்தமாகச் சொல்லிவிட்டேன். பாதிரியார் மனைவி, தன் பேரன் வக்கீலுக்குப் படிப்பதைப் பற்றி ஆரம்பித்தாள். "என் பேரன் ஆறடி ரெண்டு அங்குலம்"னு சொன்னேன். வாயை மூடிக்கொண்டாள். கல்யாணத்துக்கு நான்தான் நம் ஜெர்மன் கேக், கூகன் சுட்டுக்கொண்டு வருவேன். ஆறு கொடிமுந்திரி வைத்தது, ஆறு பாலாடைக்கட்டி வைத்தது. உங்கள் நார்வேக்காரர் உருளைக்கிழங்கில் சுடுகிற அந்த வெள்ளை ரொட்டியைப் பரிமாறிக் கல்யாணத்தைக் கெடுத்துவிடாதே.

வண்டி அப்படியே இருக்கிறது. ஆயிரத்துப் பன்னிரண்டு மைல். அதற்கு மேல் முள் நகரவில்லை. சனிக்கிழமை தோறும் துடைக்கிறேன். கர்டிஸ் விற்கட்டும், வைத்துக்கொள்ளட்டும், அவன் விருப்பம்.

சீட்டு இல்லை. எலி தின்றுவிட்டது. ஆனால் நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள் என்றாலும் எண் எனக்கு மறக்காது. அந்தப் பெரியவரிடம் சொல். வண்டி விலை நாலாயிரத்து இருநூற்று ஐம்பது. ரேடியோ நூற்று அறுபத்தைந்து. தோல் இருக்கை எண்பது. அகலச் சக்கரம் ஐம்பத்தைந்து. கரும்பச்சை நிறத்துக்குத் தனி விலை இல்லை. டெலிவரி கூலி நூற்று அறுபத்தெட்டு. மொத்தம் நாலாயிரத்து எழுநூற்றுப் பதினெட்டு. கூட்டிப் பார்க்கச் சொல், ஒரு டாலர் பிசகாது.

இரவில் ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்காதே, தலைவலிக்கு அதுதான் காரணம்.

அன்புடன் அத்தை
ஒட்டிலியா ஹவுக்


யூஜீன்
மே 15, 1989

அன்புள்ள அத்தைக்கு,

நாங்கள் சுகம். என் தலைவலி பரவாயில்லை. உங்கள் முழங்காலுக்கு இங்கே ஒரு தைலம் கிடைக்கிறது. தனிப் பொட்டலமாக அனுப்பியிருக்கிறேன். வாத்துக்கு ஓய்வு கொடுங்கள்.

உங்கள் கணக்கைப் படித்துவிட்டு லிண்டல் அசந்துபோனார். "இந்தம்மா தொழிற்சாலையிலயே வேல பார்த்திருக்கலாம்"ன்னார். ஆனால் இரண்டு சந்தேகம் கேட்டார். படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்திருக்கிறார். பக்கவாட்டுக் கண்ணாடியில் பசை இருந்த தடம் நேர்கோட்டில் சுத்தமாகத் தெரிகிறதாம். யாரோ நிதானமாக, ஆவி காட்டி உரித்தது போல. "எலி இவ்வளவு நேரா உரிக்காதும்மா"ன்னு சிரித்தார். நீங்கள் உரித்து வைத்து, அதற்குப் பிறகு எலி தின்றிருக்கலாம், அது போகட்டும்.

இரண்டாவது சந்தேகம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. மிசூரியில் இருக்கிற தொழிற்சாலைக்கே நேரில் போய் எடுத்துக்கொண்டால் டெலிவரி கூலி கிடையாதாம். சீட்டில் அந்த இடம் காலியாக இருக்குமாம். கூலி போட்டிருந்தால், வண்டி லாரியில் ஏறி ஊர் வண்டிக்கடைக்கே வர ஏற்பாடு ஆகியிருந்தது என்று அர்த்தம். "அப்புறம் உங்க முதல் வீட்டுக்காரர் எதுக்கு மிசூரி வரைக்கும் பஸ்ல போனாரு?" என்று கேட்டார். அவருக்கு ஒன்றும் தெரியாது, பாவம். நான் அடுப்பைப் பார்க்கிற சாக்கில் எழுந்து போனேன்.

அத்தை, அந்தக் காலையைப் பற்றி நான் உங்களிடம் பேசியதே இல்லை. இப்போது எழுதிவிடுகிறேன். எனக்கு மூன்று மாதம். காலையிலிருந்து வாந்தி. ரூபன் சட்டைகளைப் பையில் வைத்துக்கொண்டு, "நானே போய் எடுத்துட்டு வர்றேன்"னு சொன்னான். எனக்கு அந்த வண்டி மேல் ஏற்கெனவே கோபம். "ரெண்டு பேர் உட்கார்ற வண்டிய வாங்கிட்டு, மூணாவது ஆள எங்க வைப்ப? கூரை மேலயா?"ன்னு கத்தினேன். அவன் என்னவோ சொல்ல வந்தான். நான் விடவில்லை. "போ. அந்த வண்டியையே கட்டிக்கிட்டு அழு. திரும்பி வராட்டியும் பரவாயில்ல"ன்னேன். மார்ச் மாதக் கடைசியில் அப்படி ஒரு பனிப்புயல் வரும் என்று யாருக்குத் தெரியும்? வீட்டுக்கு ஐம்பது மைல் இருக்கும்போது சாலை மூடிவிட்டது. குளிருக்கு எஞ்சினை ஓடவிட்டுக் கண்ணயர்ந்தான். புகைக்குழாயைப் பனி மூடி, புகை உள்ளே நிறைந்து, அவன் எழுந்திருக்கவே இல்லை.

இதுவரை எனக்குள் ஒரு மூலையில் ஒரு நினைப்பு இருந்தது. கூலியை மிச்சம் பிடிக்கத்தான் போயிருப்பான், என் வாயால் போகவில்லை என்று. இப்போது அதுவும் இல்லை. கூலி கட்டியாகியிருந்தது. அவன் போக வேண்டிய அவசியமே இல்லை. என் வாய்க்குப் பயந்துதான் போனான். அடக்கத்தன்று சர்ச்சின் கீழ் அறையில் சாப்பாட்டு மேஜையில் நீங்கள் சொன்னது சரிதான்.

உங்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆர்டிஸ்


ரோஸன்தால்
ஜூன் 28, 1989

அன்புள்ள ஆர்டிஸுக்கு,

நான் சுகம். நீங்கள் சுகமா? தைலம் வந்தது. வாசனை நன்றாக இருக்கிறது. பதில் தாமதமாகிவிட்டது. தோட்ட வேலை.

ஜூன் பத்தாம் தேதி ஆலங்கட்டி மழை. வெள்ளரி எல்லாம் போச்சு. மறுபடி விதை போட்டேன். உருளைக்கிழங்கு தப்பித்தது. பக்கத்து நிலத்து மில்பர்ட் மாட்டை விற்றுவிட்டான். அவன் மனைவிக்குக் கண் ஆபரேஷன் ஆயிற்று.

கூகனுக்கு மாவு ஊறப்போடும் அளவு கீழே எழுதியிருக்கிறேன். நான் வர முடியாமல் போனால் நீயே செய்துவிடலாம். பாலாடையில் முட்டையின் மஞ்சளை மட்டும் போடு.

பழையதை எல்லாம் நினைக்காதே. நினைத்து என்ன ஆகப்போகிறது? கர்டிஸை ஒழுங்காகச் சாப்பிடச் சொல்.

அத்தை


யூஜீன்
ஜூலை 10, 1989

அன்புள்ள அத்தைக்கு,

சுகமா? வெள்ளரி போனதில் வருத்தம். கூகன் அளவை எடுத்து வைத்துக்கொண்டேன். ஆனால் வர முடியாமல் போனால் என்று ஏன் எழுதினீர்கள்? கர்டிஸ் டிக்கெட் வாங்கிவிட்டான்.

நான் எழுதியதற்கு நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது என்று விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் இப்போது விஷயம் என்னோடு நிற்கவில்லை.

லிண்டல் தன் சந்தேகத்தைக் கர்டிஸிடமும் கேட்டிருக்கிறார். அவன் வந்து என்னிடம் கேட்டான். பொய் சொல்ல எனக்கு வரவில்லை. அந்தக் காலைச் சண்டையைச் சொன்னேன். நான் சொன்ன வார்த்தைகளை அப்படியே சொன்னேன். மேஜையில் உப்புக் குப்பியை உருட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான்: "அப்போ அந்த மூணாவது ஆள் நான்தானேம்மா? நான் வேண்டாம்னுதான அப்பா ரெண்டு பேர் உட்கார்ற வண்டி வாங்கினாரு?"

இல்லை என்றேன். "உனக்கு எப்படித் தெரியும்?"னு கேட்டான். எனக்குத் தெரியாது அத்தை. அவன் அப்பா குழந்தையைப் பற்றி என்னிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்வதற்கு நான் இடமே கொடுக்கவில்லை.

வண்டி வேண்டாம் என்கிறான். கண்ணால் பார்க்காமல் விற்றுவிடலாமாம், இல்லை கொட்டகையிலேயே துரு ஏறட்டுமாம். ஜோலீன் போன வாரம் என்னிடம் வந்து அழுதாள். குழந்தை பெற்றுக்கொள்கிற பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறானாம்.

உங்களுக்கு ரூபனைப் பற்றி ஏதாவது தெரிந்திருந்தால், அவன் பையனைப் பற்றி ஒரு சொல் சொல்லியிருந்தால், எழுதுங்கள். பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை என்று எழுதத் தோன்றுகிறது. ஆனால் வேண்டாம். உண்மையாக இருந்தால் மட்டும்.

முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆர்டிஸ்


ரோஸன்தால்
ஜூலை 19, 1989

அன்புள்ள ஆர்டிஸுக்கு,

நீ சுகமாக இரு. என் உடம்பைப் பற்றி இந்தக் கடிதத்தில் எழுதப் போவதில்லை.

இதோடு விலைச்சீட்டை வைத்திருக்கிறேன். எலி தின்னவில்லை. இருபத்துநான்கு வருடமாக ஜெர்மன் பைபிளில் இருந்தது. முதலில் அதைப் பிரித்துப் பார்த்துவிடாதே. நான் சொல்லி முடித்த பிறகு பார்.

அந்த மார்ச் மாதம், வண்டி தயார் என்று ஊர் வண்டிக்கடைக்காரன் எட்வினுக்குத் தகவல் வந்தது. ரூபன் ஆர்டர் காகிதத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் காட்ட வந்தான். சமையலறையில் நின்றபடி படித்தேன். வண்டி விலையைப் பார்த்து நான் ஒன்றும் சொல்லவில்லை, அவன் சம்பாதித்த பணம். கடைசி வரிக்கு வந்ததும்தான் எனக்குப் பொறுக்கவில்லை. டெலிவரி கூலி நூற்று அறுபத்தெட்டு.

"ஏண்டா, நாலு சக்கரம் இருக்கிற வண்டிய இன்னொரு வண்டி மேல ஏத்திக் கொண்டுவர நூத்தி அறுபத்தெட்டு டாலரா? அதுக்கென்ன கால் வலிக்குதா?"ன்னேன்.

சிரித்தான். "எல்லாரும் கட்டறதுதாம்மா. ஏப்ரல்ல லாரியில வரட்டுமே. ஆர்டிஸ் காலையில எழுந்திரிக்க முடியாம கெடக்கறா"ன்னான்.

"உங்கப்பா ரஷ்யாவுல இருந்து கப்பல் ஏறி வந்தவரு. நீ ஒரு பஸ்ல ஏறிப் போகமாட்டியா? இருபத்தேழு டாலர் டிக்கெட். இல்ல, பொண்டாட்டி உத்தரவு வேணுமோ?"

அதைச் சொன்னது நான். அவன் முகம் சிவந்துபோனது. அவன் பதில் சொல்வதற்குள் நான் எட்வினுக்குப் போன் போட்டேன். "கடைசி வரிய அடிச்சிடு எட்வின், பையனே போய் எடுத்துக்குவான்." எட்வின், "ஒட்டிலியாக்கா, மார்ச் மாசம், வண்டி தரையோட தரையா இருக்கும், லாரியிலயே வரட்டும்"ன்னான். "நீ கூலிய விட முடியாம பேசற"ன்னேன். மறுநாள் பஸ் டிக்கெட்டையும் நானே வாங்கி அவன் கையில் கொடுத்தேன்.

அது நீங்கள் சண்டை போட்டதற்கு மூன்று நாள் முன்பு, ஆர்டிஸ். மூன்று நாளும் டிக்கெட் அவன் சட்டைப் பையில் இருந்தது. உன்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் வைத்திருந்தான். உன் வாய் அவனை எங்கும் அனுப்பவில்லை. அனுப்பியது என் வாய்.

அடக்கத்துக்கு முதல் நாள் ஷெரிஃப் ஆட்கள் வண்டியைக் கொண்டுவந்து கொட்டகையில் விட்டார்கள். நீ மைனாட்டில் உன் அம்மா வீட்டில் படுத்திருந்தாய். வண்டியில் ஒரு கீறல் இல்லை. விலைச்சீட்டு கண்ணாடியில் அப்படியே ஒட்டியிருந்தது. ஊருக்குள் நுழையும்போது எல்லோரும் பார்க்கட்டும் என்று உரிக்காமல் வந்திருக்கிறான். டெலிவரி கூலி என்ற வரியில் எண் இல்லை. ‘வாங்குபவரே எடுத்துக்கொள்கிறார்' என்று அச்சடித்திருந்தது. அதற்குப் பக்கத்தில் அவன் பென்சிலால் எழுதியிருந்ததைப் படித்தேன். நீ அதைப் பார்த்தால், யார் அவனை அனுப்பினது என்று கேட்பாய். கெட்டிலில் தண்ணீர் கொதிக்க வைத்து எடுத்துக்கொண்டு போனேன். ஆவி காட்டிக் காட்டி உரித்தேன். முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஓரம்கூடக் கிழியவில்லை.

மறுநாள் சாப்பாட்டின்போது பாதிரியார் மனைவி கேட்டாள், "இந்தக் குளிர்ல எதுக்கு அவ்வளவு தூரம் போனான்?"னு. ஊரே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. "வீட்ல நிம்மதி இருந்தா அவன் எதுக்குப் போறான்"னு என் வாயிலிருந்து வந்தது. எதிரே நீ கையில் தட்டோடு நின்றிருந்தாய். தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கோட்டை எடுத்துக்கொண்டு போனாய். அன்று சாயங்காலமே உன்னிடம் வந்து சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். பிறகு அடுத்த நாள் என்று நினைத்தேன்.

நீ என்னைக் கைவிடவில்லை. குழந்தையின் படம் அனுப்பினாய். அத்தை என்றே எழுதினாய். ஒவ்வொரு கடிதம் வரும்போதும், சொன்னால் இதுவும் நின்றுவிடும் என்று பயந்தேன். ஏப்ரலில் நீ சீட்டைக் கேட்டபோதும் உனக்கு எழுதிய கணக்கில் அந்த வரிக்கு நூற்று அறுபத்தெட்டை நானே எழுதி வைத்தேன். என்னை மறைக்க எழுதியது உன் கழுத்தைத்தான் இறுக்கியிருக்கிறது. உன் மே மாதக் கடிதத்தைப் படித்த பிறகும் ஆறு வாரம் வெள்ளரியைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது சீட்டைப் பிரித்துப் பார். கர்டிஸிடம் காட்டு. அவன் அப்பா கையெழுத்து.

ஒட்டிலியா

(விலைச்சீட்டில், டெலிவரி கூலி வரியின் ஓரத்தில், பென்சிலில்: ‘அம்மா மிச்சம் பிடித்த 168. தொட்டிலுக்கு.')


யூஜீன்
ஆகஸ்ட் 3, 1989

உங்கள் கடிதமும் சீட்டும் வந்தன.

கர்டிஸ் சீட்டைப் படித்துவிட்டு வெளியே போனான். வெகுநேரம் கழித்து வந்தான். கண் வீங்கியிருந்தது. ஜோலீனுக்குப் போன் போட்டு அந்த ஒரு வார்த்தையைப் படித்துக் காட்டினான். அவனுக்கு ஒரு அப்பா கிடைத்துவிட்டார். அதற்காக நன்றி சொல்ல வேண்டுமா என்று தெரியவில்லை.

தொட்டில் இல்லை. உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும் என்று எழுதுகிறேன். கர்டிஸ் பிறந்து நான்கு மாதம் என் அம்மா வீட்டுப் பீரோவின் அடி இழுப்பறையில் படுத்தான். இழுப்பறையை வெளியே எடுத்துத் தரையில் வைத்து, கம்பளி விரித்துப் படுக்க வைத்தேன். ஒவ்வொரு ராத்திரியும் அதன் பக்கத்தில் உட்கார்ந்து, "உங்கப்பாவ நான்தாண்டா தொரத்திட்டேன்"னு அவனிடம் சொல்லி அழுதிருக்கிறேன். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. நீங்கள் இருநூறு மைல் தூரத்தில் அந்தச் சீட்டைப் பைபிளில் வைத்துக்கொண்டு இருந்தீர்கள்.

யார் அனுப்பினார்கள் என்பதை நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். எந்த அம்மாவும் நாலு காசு மிச்சம் பிடிக்கச் சொல்வாள். பனி உங்களைக் கேட்டுக்கொண்டு பெய்யவில்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தை எனக்கு எழுதியது. அவன் எனக்கு எழுதிய கடைசி வார்த்தை. அதை உரித்து எடுத்துக்கொண்டீர்கள்.

கல்யாணத்துக்கு வர வேண்டாம். கர்டிஸ் வேறு மாதிரி நினைக்கிறான், ஆனால் நான் நிற்கிற அறையில் உங்களைப் பார்க்க இப்போது என்னால் முடியாது. வண்டியை எடுக்க வர அவனை நான் விடமாட்டேன். இன்னொரு முறை ஒருவன் அந்தச் சாலையில் அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு வருவதற்காக நான் ஜன்னலில் நிற்கமாட்டேன்.

பதில் எழுத வேண்டாம்.

ஆர்டிஸ் பிரூயிட்


ரோஸன்தால்
செப்டம்பர் 2, 1989

ஆர்டிஸுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். இது கடிதம் இல்லை, வண்டியோடு வருகிற காகிதம். சுகமா என்று கேட்கவில்லை.

வண்டியை மூடிய லாரியில் ஏற்றி அனுப்பியிருக்கிறேன். பிஸ்மார்க்கிலிருந்து ஆட்களை வரவழைத்தேன். திறந்த லாரி என்றால் முந்நூறு டாலர் குறைவு என்றான் லாரிக்காரன். "மூடினதுதான் வேணும்"ன்னேன். நான் பேரம் பேசுவேன் என்று எதிர்பார்த்து நின்றான். பணத்தை எண்ணி அவன் கையில் வைத்தேன். பட்டைகளைச் சக்கரத்தில் மாட்டுகிறவரை பக்கத்திலேயே நின்றேன். எட்டாம் தேதி உங்கள் வாசலில் இறக்குவார்கள்.

கூகன் பன்னிரண்டும் ஐஸ் பெட்டியில் வைத்து அதே லாரியில் வருகிறது. வேண்டாம் என்றால் அக்கம்பக்கம் கொடுத்துவிடு. என் விமான டிக்கெட்டைக் கர்டிஸுக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறேன், அந்தப் பணம் அவனுக்குத் திரும்பக் கிடைக்கும்.

லாரிக்காரன் கொடுத்த ரசீதை இதோடு வைத்திருக்கிறேன்.

ஒட்டிலியா ஹவுக்

(ரசீதில்: ‘ஒரு மோட்டார் வண்டி, 1965, கரும்பச்சை. ரோஸன்தால் முதல் யூஜீன் வரை. டெலிவரி கூலி 1,240 டாலர். அனுப்புபவர் முழுவதும் செலுத்திவிட்டார்.' அதற்குக் கீழே, ஒட்டிலியாவின் கையெழுத்தில்: ‘யாரும் எடுத்துப்போக வர வேண்டாம்.')


யூஜீன்
டிசம்பர் 5, 1989

அத்தை,

வண்டி செப்டம்பர் எட்டாம் தேதி வந்து சேர்ந்தது. மூன்று மாதமாக இதை எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

கல்யாணம் நடந்தது. கூகன் மிச்சமில்லை. ஜோலீனின் அப்பா தனியாக நாலு துண்டு சாப்பிட்டுவிட்டு, "இத யார் சுட்டது?"னு கேட்டார். "என் பாட்டி"ன்னு கர்டிஸ் சொன்னான். நான் மறுக்கவில்லை.

சீட்டில் பென்சில் கிறுக்கல் இருப்பதால் விலை குறையும் என்றார் லிண்டல். பக்குவமாக அழிக்க ஆள் இருக்கிறதாம். கர்டிஸ் அவரை எப்படிப் பார்த்தான் என்றால், பாவம், மனிதர் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவன் விற்கப் போவதில்லை. வேறு வழியில் வீட்டுக்குப் பணம் சேர்க்கிறார்கள்.

போன ஞாயிறு நான் அந்த வண்டியில் உட்கார்ந்தேன். முதல் தடவை. கர்டிஸ் தெருமுனை வரை ஓட்டினான். ரேடியோ வேலை செய்யவில்லை. தோல் இருக்கை இன்னும் புதிதாகவே வாசனை அடிக்கிறது. திரும்பி வந்து நிறுத்திய பிறகும் நான் இறங்கவில்லை. அவன் உள்ளே போய்விட்டான். இருட்டும் வரை உட்கார்ந்திருந்தேன்.

மன்னித்துவிட்டேன் என்று எழுதுவதற்காக இந்தத் தாளை எடுக்கவில்லை. அந்த வார்த்தை வரவில்லை. வருமா என்றும் தெரியவில்லை. வராத ஒன்றை எழுதினால், நீங்கள் விலைச்சீட்டுக் கணக்கு எழுதியது போல் ஆகிவிடும்.

அங்கே கடும்பனி என்று ரேடியோவில் சொன்னார்கள். முழங்கால் எப்படி இருக்கிறது?

ஆர்டிஸ்